மயிலாத்தாளும் பதினேழரை மணி நேரமும்

நல்லேப்பிள்ளியில் தன் தெருவிலிருந்து யார் வெளிநாடு கிளம்பினாலும் மயிலாத்தாள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். சம்பளம் எவ்வளவு, என்ன வேலை, அங்கே குளிர் தாங்குமா என்றெல்லாம் கேட்கத் தெருவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி வந்து நிற்பாள். “ஏனுங்க, ஏரோப்பிளேன்ல எத்தன மணி நேரம்?” என்பாள். துபாய் என்றால் நான்கு மணி நேரம். அப்படிப்பட்டவர்களுக்கு நெற்றியில் திருநீறு பூசி, கார் திருப்பம் தாண்டும் வரை கை அசைப்பாள். லண்டன், பத்து மணி நேரம் என்று பதில் வந்தால், “சரி, பத்தரமாப் போய்ட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு, டிக்கியை மூடும் முன்பே வீட்டுக்குள் போய்விடுவாள். ஆறேழு வருடங்களாக இது மாறாமல் நடந்தது.

அவளுடைய ஒரே மகன் ரமேஷ்குமார் தோஹாவில் ஏசி மெக்கானிக். கொச்சியிலிருந்து தோஹா மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். விமானம் நாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். மயிலாத்தாள் அதை ஏழு மணி நேரம் என்பாள். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. மகன் ஊருக்கு வரும் டிக்கெட்டில் அங்கே அதிகாலை இரண்டு மணிக்கு ஏறினால் இங்கே காலை ஒன்பதுக்கு இறங்குவதாகத்தான் போட்டிருக்கும். திரும்பிப் போகும் டிக்கெட்டில் காலை பத்துக்கு ஏறிப் பன்னிரண்டுக்கே இறங்கிவிடுவான். அந்த டிக்கெட்டை அவள் கணக்கில் சேர்த்ததே இல்லை. ஏழோடு, வாசலிலிருந்து கொச்சி ஏர்போர்ட் இருக்கிற நெடும்பாசேரிக்குப் போகிற மூன்று மணி நேரத்தையும் அங்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிற நேரத்தையும் கூட்டி, கேட்கிறவர் முகத்தைப் பொறுத்துப் பதிமூன்று வரைக்கும் கொண்டுபோவாள்.

இந்தக் கூட்டல் யாருக்காக என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சாமியாத்தாளுக்காக.

சாமியாத்தாள் அவளுக்கு ஓரகத்தி. மயிலாத்தாளின் கணவர் குப்பண்ணனுக்கும் சாமியாத்தாளின் கணவர் அப்புசாமிக்கும் பாகம் பிரித்தபோது ஒரே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கினார்கள். கிணறு பொதுவில் நின்றது. வயல்கள் ஒட்டிக் கிடந்தன, வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விட்டுக்கொண்டார்கள். ஆண்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு முறிந்ததே இல்லை. பெண்களும் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை எங்காவது ஒரு நாள் தீர்ந்திருக்கும்.

மயிலாத்தாள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஐந்தாவது வரை படிப்பு. நடவு வயலில் இறங்கினால் கூட வந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கையைப் பார்ப்பார்கள், அவ்வளவு வேகம். இரண்டு வருடம் கழித்து வந்த சாமியாத்தாளுக்கு அந்தக் கை இல்லை. ஆனால் அவள் நட்ட முருங்கை காய்த்தது. மயிலாத்தாள் நட்டதில் கம்பளிப்பூச்சி பிடித்தது. அவள் வைத்த குழம்பை மாமனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். இப்படி எண்ணி எண்ணி மயிலாத்தாள் மனதில் சேர்த்து வைத்திருந்த விஷயங்கள் எல்லாமே சின்னவை. சின்னவையாக இருந்ததால்தான் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

தனக்கு மகனும் சாமியாத்தாளுக்கு மகளும் பிறந்தபோது தன் கை மேலே வந்ததாக நினைத்தாள். அந்த நினைப்பும் நெடுநாள் நிற்கவில்லை. ஜீவிதா என்ற அந்தப் பெண் நடக்கப் பழகியதிலிருந்து பெரியம்மா வீட்டில்தான் கிடந்தாள். காலையில் தலை பின்னிவிடுவது மயிலாத்தாள் வேலை. இரட்டைச் சடை போட்டு, நுனியில் ரிப்பன் கட்டி, தூரத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பாள். நான்காம் வகுப்பில் ஒரு நாள் சாமியாத்தாள் சிரித்துக்கொண்டே, “இனி நானே பின்னியுட்டுக்கறனுங்க்கா, உங்களுக்கெதுக்குச் செரமம்” என்று சொல்லிச் சீப்பை வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு மயிலாத்தாள் எந்தக் குழந்தைக்கும் தலை பின்னவில்லை.

தெருவிலிருந்து முதலில் விமானம் ஏறியவன் ரமேஷ்குமார். இரண்டு வருடம் மயிலாத்தாள் ராணியைப் போல இருந்தாள். பால் சொசைட்டியில் பெண்கள் அவளைச் சுற்றி நின்று விமானத்தில் சோறு போடுவார்களா, ஜன்னலைத் திறக்க விடுவார்களா என்று கேட்டார்கள். அப்புறம் ஜீவிதா கோயமுத்தூரில் நர்சிங் முடித்து, பொள்ளாச்சிப் பையன் ஒருவனைக் கட்டி, அவனோடு நியூசிலாந்துக்குப் போனாள். ஆக்லாந்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதியில் வேலை. தோஹா வரைக்கும் ஒரு விமானம், அங்கிருந்து ஆக்லாந்துக்கு இன்னொன்று. ஆக்லாந்திலிருந்து திரும்பி வருவதாக இருந்தால் தோஹாவுக்குப் பதினாலாயிரத்து ஐநூறு கிலோமீட்டர், நடுவில் எங்கும் இறங்காமல் பதினேழரை மணி நேரம். சாமியாத்தாள் இதை முதல் தடவை சொன்னபோது மயிலாத்தாள் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

“நடுவுல எங்கியும் நிக்காமயா?” என்று கேட்டாள்.

“நிக்காமத்தானுங்க்கா. அத்தன நேரமும் ஆகாசத்துலயே.”

அன்றைக்கு மயிலாத்தாளின் தோஹா சுருங்கிப் பக்கத்துச் சித்தூர் டவுன் தூரத்துக்கு வந்துவிட்டது. தெருவில் எல்லாரும் சாமியாத்தாளிடம் பரிவோடு பேசினார்கள். பிள்ளை அவ்வளவு தூரத்தில் இருக்கிறதே, எப்படித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறீர்களோ என்றார்கள். நாலரை மணி நேரத்துக்கு யாரும் பரிவு காட்டுவதில்லை. இது போதாதென்று, பதினேழு மணி நேரத்துக்கு அப்பால் இருக்கிற மகள் தினமும் உச்சி நேரத்தில் தாயைக் கூப்பிட்டாள். நாலரை மணி நேரத்தில் இருக்கிற மகன் வெள்ளிக்கிழமை மட்டும்தான் கூப்பிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் போன் மணி அடித்ததும் மயிலாத்தாள் மிக்சியை நிறுத்திவிடுவாள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்க அல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். மிக்சி சூடாகிவிட்டது, அதனால் நிறுத்தினாள்.

போன ஆவணியில் ரமேஷ்குமாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் கிணத்துக்கடவுப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் பெண் ஊர் மண்டபத்தில் முகூர்த்தம், சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டில் இணைச்சீர்.

கல்யாணத்துக்குப் போகும் முன் மாப்பிள்ளையோடு சேர்ந்து அவன் உடன்பிறந்தாள் நின்று செய்கிற சீர் அது. புதுச்சேலையின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை அவன் பிடிக்க வேண்டும். அவளுக்குத்தான் அன்றைக்கு முதல் மரியாதை. கூடப் பிறந்தவள் இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பெண் அந்த இடத்தில் நிற்பாள், அதிலும் நெருங்கிய பெண் முதலில். ரமேஷ்குமாருக்கு நெருங்கியவள் என்றால் ஜீவிதாதான். அவளை விட்டுவிட்டு வேறொருத்தியை நிறுத்தினால் சொந்தபந்தம் முழுக்கக் காரணம் கேட்கும்.

இத்தனை வருடமாக யாருடைய மகளின் தூரம் அவள் தொண்டையில் முள்ளாக நின்றதோ, அந்த மகள் வந்து நின்றால்தான் தன் மகன் மணையேற முடியும் என்பது மயிலாத்தாளுக்கு விளங்கியது. வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் போய் முறைப்படி அழைத்தாள்.

சாமியாத்தாள் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். முகமெல்லாம் மலர்ச்சி. “அது கட்டாயம் வருமுங்க்கா. லீவு மட்டும் கெடைக்கோணும். பதினேழர மணி நேரமில்லீங்களா, நெனச்ச ஒடனே கெளம்பவும் முடியாது பாருங்க” என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பதினேழரை இல்லாமல் அவளால் ஒரு வாக்கியம் பேச முடியாதா என்று மயிலாத்தாளுக்கு எரிந்தது. வீடு திரும்பிக் குப்பண்ணனிடம், கொழிஞ்சாம்பாறையில் தன் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பங்காளிப் பெண் இருக்கிறாளே, அவள் போதாதா என்று கேட்டாள். குப்பண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார்.

பத்து நாளில் லீவு கிடைத்தது. ஜீவிதா டிக்கெட்டைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்ப, அவன் அதை அம்மாவின் போனுக்குத் தள்ளிவிட்டான். மயிலாத்தாள் மகன் டிக்கெட்டுகளைப் பார்த்துப் பார்த்து ஏற்றம் எது, இறக்கம் எது, இருபத்துமூன்று முப்பது என்றால் எத்தனை மணி என்பதெல்லாம் கற்றிருந்தாள். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆக்லாந்தில் ஏற்றம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று. தோஹாவில் இறக்கம் அதே வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை.

விரல் கணுக்களில் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். எட்டரை.

அவளுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, சந்தோஷம். குப்பண்ணனிடம் காட்டினாள். அவர் கண்ணாடி இல்லாமல் போனைத் தூரப் பிடித்துப் பார்த்து, டிக்கெட்டில் போட்டிருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்றார். அவருக்கு வயலுக்கு ஆள் வரச் சொல்லும் அவசரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பஸ்ரீ அயல்கூட்டம் மயிலாத்தாள் வீட்டு முற்றத்தில் கூடியது. வாரம் ஒரு வீடு என்று தெருப் பெண்கள் கூடுகிற சேமிப்புக் கூட்டம். வரவு செலவு முடிந்து டீ கொடுக்கும்போது செயலாளர் வேலாமணி கல்யாணப் பேச்சை எடுத்தாள். ஜீவிதா வருகிறாளாமே, பாவம், பதினேழு மணி நேரம் உட்கார்ந்தே வர வேண்டும் என்றாள்.

“எட்டர” என்றாள் மயிலாத்தாள்.

“என்னதுங்க்கா?”

“எட்டர மணி நேரம். பதினேழெல்லாம் வாய்லதான். டிக்கெட்டே எங்கிட்ட இருக்குது, எண்ணிப் பாத்துக்குங்க.”

போன் கை மாறிக் கை மாறிப் போனது. ஆளாளுக்கு எண்ணினார்கள். எட்டரைதான் வந்தது. அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “அட, பழனிக்குப் போயி முடி எறக்கீட்டு வார நேரந்தான்” என்றாள். டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். மயிலாத்தாளும் சிரித்தாள். அத்தோடு நின்றிருக்கலாம். “நாலு வருசமாப் புள்ள வராததுக்குத் தூரம் தூரம்னு சொன்னாங்க. மனசுல தூரமிருந்தாச் சொல்லோணுமா?” என்று சேர்த்துக்கொண்டாள்.

போன் கடைசியாகச் சாமியாத்தாள் கைக்கு வந்தது. அவளும் ஐந்தாவது ஆறாவது படித்தவள்தான். உதடு அசைய எண்ணினாள். “அப்பிடித்தான் போட்டிருக்குதுங்க்கா” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். டீயைக் குடிக்காமல் தம்ளரை ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் உச்சி நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தது. மிக்சி நின்றது. சாமியாத்தாள் குரல் எப்போதும் போல் இல்லை. ஏன் கண்ணு அம்மாகிட்டப் பொய் சொன்னே, வர இஷ்டமில்லாட்டி இஷ்டமில்லேன்னு சொல்லியிருக்கலாமே என்று கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது. பிறகு அழுகை. தன் ஓரகத்தி தன் மகளையே சந்தேகப்படுவாள் என்று மயிலாத்தாள் நினைத்திருக்கவில்லை. சாமியாத்தாள் தன்னோடு வாதாடுவாள், முகம் சிவப்பாள், அவ்வளவுதான் அவள் எதிர்பார்த்தது. அடுத்த நாள் உச்சி நேரத்தில் போன் அடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

அப்புசாமி வாய்க்கால் மேட்டில் வைத்து அண்ணனிடம் சொல்லிவிட்டார். இணைச்சீருக்கு வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளை மனசு சரியில்லை, வருவது சந்தேகம். குப்பண்ணன் வீட்டுக்கு வந்து மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். கேட்டதை அப்படியே மனைவியிடம் சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனார்.

மகனின் போன் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டு அவன் கூப்பிட்டதே இல்லை.

“அயல்கூட்டத்துல என்னம்மா சொன்ன நீ?”

“டிக்கெட்டுல இருந்ததத்தான் சொன்னேன். உனக்காரு சொன்னாங்க?”

“ஜீவிதாதான். அவ எங்கூட நெதமும் பேசறவ.”

நிதமும் பேசுகிறாள் என்பது மயிலாத்தாளுக்குப் புதுச் செய்தி. அந்த நேரத்திலும் அது ஒரு குத்துக் குத்தியது.

“டிக்கெட்டுல போட்டிருக்கறது அந்தந்த ஊரு மணிம்மா. ஆக்லாந்துல மத்தியானம் மூணுன்னா இங்க தோஹாவுல விடியால ஆறுதான். ஆறுல இருந்து ராத்திரி பதினொன்னர வரைக்கும் எண்ணு.”

எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

“எண்ணீட்டியா?”

“ம்.”

“நான் ஊருக்கு வாரப்ப ஏழு, போறப்ப ரெண்டு. இத்தன வருசமா எந்த டிக்கெட்டும் நீ பாக்கலியா? எந்தப் பிளேனாச்சும் வாரப்ப மெதுவாவும் போறப்ப வேகமாவும் போகுமா? அவ திரும்பிப் போற டிக்கெட்டுல இருவத்தஞ்சு மணி நேரம்னு காட்டும். அதயும் கூட்டத்துல சொல்லுவியாம்மா?”

மயிலாத்தாள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“எனக்குத் தங்கச்சின்னு இருக்கறது அவ ஒருத்திதான்” என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

அவளுக்குத் தெரியாமலா இருந்தது? விமானத்தின் கடிகாரம் சொல்வதை நம்பக் கூடாது என்று அந்தத் தெருவில் வேறு யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் நாலரையை ஏழாக்கி வைத்திருந்தாள். எட்டரை என்று விரலில் எண்ணிய அந்த நிமிடம், உள்ளே ஏதோ ஒன்று கொஞ்சம் பொறு என்று சொன்னதா, இல்லையா? சொன்னது போலவும் இருந்தது, சொல்லாதது போலவும் இருந்தது. தெரியாமல் செய்த தப்பு என்று ஊருக்குச் சொல்லிவிடலாம். தனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அதைவிட மோசமானது, இத்தனைக்கு நடுவிலும் ஒரு மூலையில், பதினேழரை என்பது உண்மையாகிவிட்டதே என்ற வருத்தமும் இருந்தது.

மறுநாள் காலை சாமியாத்தாள் வீட்டுப் பக்கம் போனாள். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தவள், “வாங்க்கா” என்றாள். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. மயிலாத்தாள் நின்றாள். மிளகாய் காய்ந்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்று பதில் வந்தது. ஆமாம், ஒரு வெயில் வேண்டும் என்று ஒத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

குப்பண்ணன் வேறு வழியில்லாமல் கொழிஞ்சாம்பாறைப் பெண்ணைக் கேட்டு வைத்தார். பிளஸ் டூ படிக்கும் பெண். அவள் தாய்க்கு இதில் ஏகப் பெருமை. சனிக்கிழமை காலையிலேயே வந்து இறங்கி, ஜடை எப்படிப் போடுவது, எந்த ஆரத்தை மேலே போடுவது என்று மயிலாத்தாளிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டே இருந்தாள். பந்தலில் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், ஜீவிதா வரவில்லையா என்று. லீவு கிடைக்கவில்லை என்று மயிலாத்தாள் சொன்னாள். வேலாமணி மட்டும் அந்தப் பதிலைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டு காய் நறுக்கப் போய்விட்டாள்.

கல்யாண லீவில் ஊருக்கு வந்திருந்த ரமேஷ்குமார் விடியலில் காரை எடுத்துக்கொண்டு, கூட வேலை பார்க்கிறவன் கொச்சியில் வந்து இறங்குகிறான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். மதியம் பந்தி நடக்கும்போது திரும்பி வந்தான். பின் கதவைத் திறந்து இறங்கியவள் ஜீவிதா.

முதலில் அவள் நேராகச் சுவருக்கு அந்தப் பக்கம், தன் தாயிடம்தான் போனாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அரை மணி நேரம் கழித்துச் சாமியாத்தாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, பந்தியில் மோர் ஊற்ற ஆரம்பித்தாள். கொழிஞ்சாம்பாறைப் பெண்ணின் தாய்க்கு முகம் விழுந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கோ தப்பித்தோம் என்றிருந்தது; ஆரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஐஸ்கிரீம் இருக்கும் இடத்தைத் தேடிப் போனாள்.

சாயங்காலம் ஜீவிதாவை அலங்கரிப்பது மாப்பிள்ளையின் தாய் செய்ய வேண்டிய முறை. உள்ளறையில் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள், அயல்கூட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் உட்பட. மயிலாத்தாள் கொலுசை எடுத்துக் கீழே உட்கார்ந்தாள். கொலுசு ஏறவில்லை. இரண்டு பாதங்களும் கணுக்காலுக்கு மேல் வரை வீங்கியிருந்தன. விரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

“கால் ஏன் கண்ணு இப்பிடி?”

“உக்காந்தே வந்ததுங் பெரிம்மா. ரெண்டு நாள்ல வடிஞ்சுரும்.”

அவள் மணிக் கணக்கைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆமாம் கண்ணு, பதினேழரை மணி நேரமில்லையா என்று அதைத் தொடர்ந்து சொல்லியிருக்கலாம். எல்லாரும் அந்தப் பாதங்களைத்தான் பார்த்தார்கள். மயிலாத்தாள் வாயைத் திறந்தாள். வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள்.

சீர் நடந்தது. சீரை நடத்தி வைக்கிற அருமைக்காரர் சொல்லச் சொல்ல அண்ணனும் தங்கையும் சேலை முனைகளைப் பிடித்து நின்றார்கள். அந்தப் பங்காளி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. முனையை விடுவதற்கு முன் தங்கை ஏதாவது ஒன்று கேட்கலாம். தருகிறேன் என்று மாப்பிள்ளையின் தாய் வாயால் சொன்ன பிறகுதான் அவள் கையை எடுப்பாள். பெரும்பாலும் தங்கம் கேட்பார்கள். கன்றுக்குட்டி கேட்டவர்களும் உண்டு. அருமைக்காரர், “என்ன வேணும், கேளு அம்மிணி” என்றார். ஆண்கள் பக்கமிருந்து, பெரியதாகக் கேள், பெரியப்பன் தாங்குவான் என்று குரல் வந்தது.

ஜீவிதா மயிலாத்தாளைப் பக்கத்தில் வரச் சொல்லிக் காதோடு பேசினாள்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாமுங் பெரிம்மா. அயல்கூட்டத்துல சொன்னத அயல்கூட்டத்துலயே மாத்திச் சொல்லீருங்க. நான் இங்க இல்லீன்னாலும் பரவால்ல. அம்மா கேக்கற மாதிரி.”

மயிலாத்தாளின் கண் கலங்கிவிட்டது. பார்த்தவர்கள் அது கல்யாணக் கண்ணீர் என்று நினைத்தார்கள். “சரி கண்ணு, தாரேன்” என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். ஜீவிதா சேலை முனையை விட்டாள். என்ன கேட்டாள், எத்தனை பவுன் என்று சொந்தக்காரப் பெண்கள் கல்யாணம் முடியும் வரை துளைத்தெடுத்தார்கள். அது எங்களுக்குள் என்று மயிலாத்தாள் சொல்லிவிட்டாள்.

ஜீவிதா ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். கார் கிளம்பும்போது மயிலாத்தாள் திருநீறு பூசிவிட்டாள், கார் திருப்பம் தாண்டும் வரை நின்றாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூட்டத்துக்குப் போனாள். அன்று கல்யாணப் பந்தலில் சாமியாத்தாள் ஓடியாடி வேலை செய்ததைப் பெண்கள் புகழ்ந்தார்கள். தன் மகன் கல்யாணத்தில்கூட அவளுக்குத்தான் புகழா என்று தோன்றியது. சொல்லவில்லை. அடுத்த வாரம் மருமகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள், புது மருமகள் முன்னால் எப்படிச் சொல்வது. அதற்கடுத்த வாரம் மழை. இடையில் அவள் சும்மா இருக்கவில்லை. முறை இல்லாத நாளிலும் வாய்க்கால் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிடச் சொன்னாள். பண்டிகைப் பலகாரத்தில் பாதியைக் கொடுத்து அனுப்பினாள். சாமியாத்தாளுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று வேளையும் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இப்படிச் சுற்றிச் சுற்றி எல்லாம் செய்தாள். ஒரு வாக்கியம் சொல்வதைவிட அதெல்லாம் சுலபமாக இருந்தது. அந்த வாக்கியத்தைச் சொன்னால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்பதுதான் அவளுடைய பயமா? அவளைக் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்பாள்.

மார்கழியில் ஒரு ஞாயிறு கூட்டம் சாமியாத்தாள் வீட்டில் நடந்தது. டீ கொடுக்கும் நேரத்தில் ஜீவிதா வீடியோவில் வந்தாள். முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாம் மாதம். போன் எல்லார் முகத்துக்கும் முன்னால் ஒரு சுற்றுப் போனது. சிரிப்பும் கேலியுமாகப் பேசினார்கள். சுற்றி முடிந்து தாயிடம் திரும்பியபோது அவள் கேட்டாள், “அம்மா, பெரிம்மா அதச் சொல்லீட்டாங்களா?”

முற்றத்தில் யாருக்கும் அது என்னவென்று விளங்கவில்லை. சேலையோ நகையோ என்று நினைத்திருப்பார்கள். மயிலாத்தாள் கையிலிருந்த தம்ளர் சுட்டது.

“அப்பவே சொல்லீட்டாங்க கண்ணு” என்றாள் சாமியாத்தாள், அவள் பக்கம் திரும்பாமலே. “நீ நேரத்துக்குச் சாப்புடு.”

மயிலாத்தாளுக்கு முதலில் உடம்பெல்லாம் லேசானது. அடுத்த நொடியே அந்தப் பழைய எரிச்சல் எழும்பியது. இவளுக்கு இது எப்படி முடிகிறது? தன் மகள் கேட்டு வாங்கியதை, வாங்காமலே வாங்கிவிட்டேன் என்று இத்தனை பேர் நடுவில் சொல்ல எங்கிருந்து வருகிறது? முருங்கைக்கும் குழம்புக்கும் பதினேழரை மணி நேரத்துக்கும் பொறாமைப்பட்டவள், இப்போது அந்த ஒரு பொய்க்குப் பொறாமைப்பட்டாள். தனக்கு அப்படி ஒரு பொய் வாய்த்திருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

போன் வைத்தாயிற்று. வேலாமணி எல்லா வாரமும் கேட்பது போலக் கேட்டாள்.

“வேற ஆருக்காச்சும் சொல்றதுக்கு இருக்குதுங்களா?”

“எனக்கிருக்குது” என்றாள் மயிலாத்தாள். எல்லாரும் திரும்பினார்கள். சாமியாத்தாளும் திரும்பினாள். அவள் முகத்தில் எதிர்பார்ப்பு இருந்ததா, வேண்டாம் விடுங்கள் என்பது இருந்ததா, மயிலாத்தாளால் படிக்க முடியவில்லை.

“தெருக்கொழாய்ல தண்ணி மஞ்சளா வருது” என்றாள். “வார்டு மெம்பர்கிட்டச் சொல்லோணும்.”

ஆமாம் ஆமாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை மூன்று பேராகப் போய்ச் சொல்வது என்று முடிவானது. கூட்டம் கலைந்தது. சாமியாத்தாள் தம்ளர்களை எடுத்து அடுக்க, மயிலாத்தாள் உட்கார்ந்த பாயைச் சுருட்டிக் கொடுத்தாள். ஜீவிதாவுக்குத் தருகிறேன் என்று வாயால் சொன்னதை அவள் இன்னும் கொடுக்கவில்லை.